பட்டா இல்லாதவர்களின் வீடுகள்

தஞ்சோங் கிளிங்

மலாக்கா நகரை விட்டு வடமேற்கே, கடலை ஒட்டிப் போகும் சாலையில் ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் போனால் தஞ்சோங் கிளிங். இடப்புறம் மலாக்கா நீரிணை. வலப்புறம் கம்போங் எனும் மலாய்க் கிராமத்து வீடுகள், தென்னைகள், அவற்றுக்குப் பின்னால் தொழிற்பேட்டையின் நீண்ட கூரைகள். பழங்கதை வீரன் ஹங் துவாவின் கல்லறை என்று மலாய்க்காரர்கள் போற்றும் இடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. இன்னும் மேலே போனால் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1950களின் இறுதியில் காமன்வெல்த் படைகளுக்காகக் கட்டிய தெரெண்டாக் முகாமும் வரும்.

புதுச்சேரியில் அலைச் சத்தத்தோடு வளர்ந்தவளுக்கு இந்தக் கடல் விநோதமாக இருந்தது. அலையே இல்லை. எண்ணெய்க் கப்பல்கள் தொலைவில் வரிசையாக நிற்கின்றன. ஈரமண்ணில் பிள்ளைகள் சிப்பி தோண்டுகிறார்கள். சாலையோரக் கடைவரிசையில் மூன்றில் ஒரு கடை பூட்டிக் கிடந்தது. இரும்புக் கதவில் ‘வாடகைக்கு’ என்று மலாயில் எழுதிய அட்டை வெயிலில் வெளுத்துப்போய், தொலைபேசி எண்ணில் பாதி அழிந்திருந்தது.

திறந்திருந்த கடை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தேன். கடைக்கார அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். “புதுச்சேரின்னா மெட்ராஸ் பக்கமா? எங்க பாட்டி நாமக்கல் பக்கம்னு சொல்லும். நான் பாத்ததில்ல லா” என்றபடி சோற்றை வைத்தார். வாழையிலையில் வைத்துச் சம்பால் தடவிச் சுட்ட திருக்கை. கூடவே அசாம் பெடாஸ். புளி தூக்கலான மீன்குழம்புதான், ஆனால் நம் வெந்தயமும் தேங்காயும் கிடையாது. அந்த இடத்தில் காட்டு இஞ்சிப் பூவின் வாசம் நிற்கிறது. முதல் கவளத்தில் நாக்கு நம்மூர்க் குழம்பைத் தேடும். மூன்றாவது கவளத்தில் தேடுவதை விட்டுவிடும்.

தலைக்கு மேலே பலகைக் கூரை கறுத்து ஊறிப்போயிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். “ஒழுகுது. தவுக்கே (முதலாளி) கோலாலம்பூர்ல இருக்காரு. சொன்னா வரேம்பாரு, வரமாட்டாரு. நான் போட்டா என் காசு, அவரு கட்டடம். நாளைக்குக் கூரை நல்லாருக்குன்னு வாடகைய ஏத்துவாரு.”

“அரசாங்கம் உதவி ஏதும் தராதா அக்கா?”

“யாருக்குத் தரும்? கடைப் பேரு என்னோடது. கட்டடப் பேரு அவரோடது.”

தே தாரிக் எனும் பால்தேநீரை ஆற்றிக்கொண்டே அவர் சொன்ன அந்த இரண்டு வரிகள், அதன்பின் மலாக்காவில் நான் பார்த்த ஒவ்வொரு பூட்டிய கதவின் முன்னும் கேட்டுக்கொண்டே இருந்தன.

காஜா பெராங்

நகரத்துக்குள் நுழையும் முன் கிளேபாங் கடற்கரை. கடலைத் தூர்த்து எடுத்த வெளி. மணல்மேடுகளும், ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றும், பனிக்கூழ் மிதக்கும் இளநீர்ப் பானத்துக்கு நிற்கும் கூட்டமும் சேர்ந்து அதைத் திருவிழாத் திடலாக்கி வைத்திருக்கின்றன. அதைத் தாண்டி உள்ளே திரும்பினால் காஜா பெராங் சாலையில் கம்போங் செட்டி.

மலாக்கா செட்டிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் அரைகுறையாகவே தெரியும். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்து ஊன்றிய வம்சம். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது மாரியம்மனை. பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. பொங்கலுக்கு முதல் நாள் ‘போகி பாரச்சு’ என்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிறார்கள். வாழையிலையில் சோறு, கறி, மீன், பலகாரம், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டது எதுவோ அது.

தெரு சிறியது. முன்கூரை தாழ்ந்த வீடுகள், வாசலில் மாவிலை, காலணி குவிந்த படிகள். சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. அங்கே பேச்சுக் கொடுத்த பெரியவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார். தன் பெயரைச் சொன்னபோது மட்டும் அது சுத்தமான தமிழ்ப் பெயராக இருந்தது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்களாம். “பண்டிகைக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் மூத்தவர்கள் சும்மா விடமாட்டார்கள்” என்று சிரித்தார். மூத்தவர்கள் என்று அவர் சொன்னது இறந்துபோனவர்களை.

நாசி கெமுலி என்ற நெய்ச்சோறு கிடைத்தது. பட்டை, கிராம்பு மணக்கும் சோறு. பக்கத்தில் மலாய்ச் சம்பால். இந்தத் தட்டில் எது தமிழ், எது மலாய் என்று பிரிக்க உட்கார்ந்தால் சோறு ஆறிவிடும்.

இந்தத் தெருவின் வீடுகளில் பலவும் ஓட்டைதான். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. சில கூரைகளில் ஓட்டுக்குப் பதில் தகரம். ஆனால் காலியான வீடு என்று ஒன்றை எனக்குக் காட்ட யாராலும் முடியவில்லை. சுற்றிலும் நிலத்தின் விலை ஏறி, அருகிலேயே உயர்மாடிக் கட்டடங்களுக்குத் திட்டம் வந்தபோது இந்த மக்கள் சேர்ந்து நின்று எதிர்த்திருக்கிறார்கள். கட்டடக்கலை வல்லுநர் பார்த்தால் பழுது என்று பட்டியல் போடுவார். எனக்கு அது குடித்தனம் நடக்கும் தெருவாகத் தெரிந்தது.

ஹீரன் தெரு

ஆற்றைத் தாண்டாமல் பழைய நகருக்குள் வந்தால், ஒருகாலத்தில் கடலோரமாக ஓடிய முதல் தெரு ஹீரன் தெரு. இப்போது அதற்குத் துன் டான் செங் லொக்கின் பெயர். வாசல் குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும் வீடுகள். நடுவில் வானம் பார்த்த முற்றம். முகப்பில் பீங்கான் ஓடுகள். வாசலோரம் ஐந்தடி அகலத்தில் கூரை மூடிய நடைபாதை. இங்குள்ள தமிழர் ‘அஞ்சடி’ என்கிறார்கள். எங்கள் ஊர்த் தமிழர் தெருவில் தாழ்வாரமும் திண்ணையும் செய்யும் வேலையை இங்கே அஞ்சடி செய்கிறது: வழிப்போக்கனுக்கு நிழல், வீட்டுக்காரருக்கு அக்கம்பக்கம்.

எட்டாம் எண் வீடு டச்சுக்காரர் காலத்தது. மலேசியப் பாரம்பரிய அறக்கட்டளையான படான் வாரிசான், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அதைப் பழுதுபார்த்தது. அமெரிக்கத் தூதரகத்தின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதியும் கைகொடுத்தது. மாளிகையாக்கி மினுக்காமல், சுவரை ஆங்காங்கே உரித்தபடியே விட்டிருப்பதுதான் அழகு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் அடுக்கடுக்காக வெள்ளையடிப்பு எல்லாம் கண்ணில் படுகின்றன. பழைய செங்கல் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கல்லே பொடிந்து உதிரும். மலிவான பழுதுபார்ப்பு கட்டடத்தைக் கொல்வது இப்படித்தான். சுண்ணாம்பு வேலைக்குக் கொத்தனாரும் நாளும் கூலியும் அதிகம். பழைய கட்டடங்களுக்கு மானியம் தேவைப்படுவதன் முதல் காரணம் இந்தக் கணக்கு.

இரண்டாம் காரணம் தெருவின் கதையில் இருக்கிறது. மலேசியாவில் 1966இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உறைய வைத்தது. பல பத்தாண்டுகள் சொற்ப வாடகையில் இரும்படிப்பவர், செருப்புத் தைப்பவர், சவப்பெட்டி செய்பவர், தட்டார் எல்லோரும் இங்கேயே தொழில் செய்து மேல்மாடியில் குடியிருந்தார்கள். வரும் வாடகை வெள்ளையடிக்கவும் காணாது என்பதால் உரிமையாளர்கள் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1997இல் சட்டத்தை நீக்க முடிவாகி, 1999இன் கடைசி நாளோடு கட்டுப்பாடு முடிந்தது. வாடகை பல மடங்கு எகிறியது. குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். பல வீடுகள் காலியாயின. காலியானவற்றில் சில, சன்னல்களை அடைத்துச் சிறு துளைகள் மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்கும் அறைகளாயின. மனிதர் போன வீட்டில் பறவையின் எச்சில் விலைபோனது.

2008 ஜூலையில் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அப்போது மலாக்காவின் மையப் பகுதி 39 ஹெக்டேருக்கும் குறைவு. 2009ஆம் ஆண்டு நிதியறிக்கையில் மத்திய அரசு இரு நகரங்களுக்குமாக 5 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியது. ஜார்ஜ் டவுனில் அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் தொடங்கிய ‘திங்க் சிட்டி’ 2 கோடி வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமையாளர் ஒரு பங்கு போட்டால் தானும் ஒரு பங்கு போடும் முறையில் பழுதுபார்ப்பு மானியம் கொடுத்தது. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்திலும், பதிவான பாரம்பரிய இடங்களின் உரிமையாளருக்கு மானியமோ கடனோ தர வழி உண்டு. மலாக்கா விடுதிகளில் தங்குவோரிடம் பாரம்பரியக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எங்கள் ஊரின் வைசியாள் தெரு நினைவுக்கு வந்தது. கல்வே சுப்பராயச் செட்டி தெரு என்றும் சொல்வோம். ஐரோப்பிய ஆணையத்தின் ‘ஏசியா அர்ப்ஸ்’ நிதியில், 2002 முதல் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அங்கே வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. அங்கும் செலவில் ஒரு பங்கு வீட்டுக்காரருடையது. அந்தத் தெருவுக்கு 2008இல், மலாக்கா பட்டியலில் ஏறிய அதே ஆண்டில், யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அது நடந்ததற்கு ஒரு காரணம், வீட்டுக்காரர்களில் பலர் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். தன் திண்ணைக்குத் தானே பாதிப் பணம் போடுவதில் அர்த்தம் இருந்தது. இன்று அந்தத் தெருப்பக்கத்திலும் விடுதிப் பலகைகள் பெருகிவிட்டன. மாறாக, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த எங்கள் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் அரசுடைமை. யாருடைய வீடும் இல்லை. விழுந்த பிறகுதான் அதற்குக் கோடிகள் வந்தன.

ஹீரன் தெருவில் இன்று பழுது பார்த்த வீடுகள் கண்கொள்ளாக் காட்சி. சுண்ணாம்பு சரியாக இருக்கிறது, ஓடு சரியாக இருக்கிறது. கதவைத் தட்டினால் திறப்பவர் வரவேற்பு மேசைக்காரர். நாற்பது ஆண்டு அந்த ஓட்டின் கீழ் அடுப்பெரித்தவர் எந்தத் தாமானின் (புறநகர்க் குடியிருப்பின்) எந்த அடுக்ககத்தில் இருக்கிறார் என்று மானியக் கோப்பில் எழுத இடமில்லை. அவர் வாடகைக்காரர்.

தட்டார் தெரு

இரண்டு தெரு தள்ளி ஜாலான் துக்காங் எமாஸ். பொய்யாத விநாயகர் கோயில், கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில். விநாயகர் கோயில் 1781இல், செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டிக்கு டச்சுக்காரர்கள் தந்த நிலத்தில் எழுந்தது. பின்னாளில் நிர்வாகம் நகரத்தாரிடம் போனது. 1748ஆம் ஆண்டின் பள்ளிவாசலைத் தொடங்கியவர்கள் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். மூன்றடுக்குக் கூம்புக் கூரை சுமத்திராவை நினைவூட்டும்.

மாலைப் பூசைக்குப் போனேன். மணி அடித்து முடிவதற்கும் பள்ளிவாசலில் பாங்கு தொடங்குவதற்கும் இடையில் சில நிமிடங்கள்தாம். பிரசாதம் வாங்க நின்ற வரிசையில் நகரத்தார் வீட்டு ஆச்சி ஒருவர், சாரோங் கட்டிய செட்டிப் பெண்ணிடம் மலாயில் விலைவாசி பேசிக்கொண்டிருந்தார். மூன்று வழிபாட்டிடங்களிலும் கூரை ஒழுகினால் அன்றைக்கே கேட்க ஆள் இருக்கிறது. உரிமை அறக்கட்டளையிடமோ சமூகத்திடமோ இருக்கிறது. பயன்படுத்துபவரும் அந்தச் சமூகம்தான். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இவை நின்றதற்கு அதுவே போதுமான விளக்கம்.

புலாவ் மலாக்கா

பாலம் தாண்டிப் போனால், கடலில் மண் கொட்டி எழுப்பிய தீவு. அதன் முனையில் 2006இல் திறந்த நீரிணைப் பள்ளிவாசல் தூண்களின்மேல் தண்ணீருக்குள் நிற்கிறது. சூரியன் விழும் நேரத்தில் படமெடுக்க ஊரே திரளும். பள்ளிவாசலுக்கு வரும் வழியில்தான் நான் பார்க்க வந்தது: வளைவுகளும் குவிமாடங்களுமாக, ‘அராப் சிட்டி’ என்ற கனவில் கட்டிய கடைவரிசைகள். கண்ணாடி உடைந்த சன்னல்கள், மாடியில் முளைத்த ஆலங்கன்று. ஹீரன் தெருவில் ஆள் வெளியேறியதால் வந்த வெறுமை. இங்கே ஆள் வந்ததே இல்லை.

இளநீர் விற்ற தம்பி, ஜாசின் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், “இங்க வாடகை கம்மின்னு கேட்டுப் பாத்தேன் அக்கா. கரண்டு வரணும், கூட்டம் வரணும், ரெண்டும் இல்ல. ரோட்டோரமே போதும்” என்றார்.

இத்தகைய கட்டடங்களுக்கு மலேசிய அரசு இரண்டு வழிகளை யோசித்தது. 2026ஆம் ஆண்டு நிதியறிக்கையில், வணிகக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றுவோருக்குத் தகுதியான செலவில் பத்து விழுக்காடு சிறப்பு வரிக்கழிவு. உச்சவரம்பு 1 கோடி வெள்ளி. இன்னொன்று, 2025 ஆகஸ்டில் மக்களவையில் வைக்கப்பட்டு எதிர்ப்பில் சிக்கிய நகரப் புதுப்பிப்பு மசோதா. முப்பது ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்தை மறுகட்டுமானம் செய்ய உரிமையாளர்களில் எண்பது விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்றது அந்த மசோதா. அதற்கு மேற்பட்டதென்றால் எழுபத்தைந்து. கைவிட்ட கட்டடமென்றால் ஐம்பத்தொன்று. சிறுபான்மை உரிமையாளரின் கதி என்ன என்றுதான் வாதம் சூடாக நடந்தது. நியாயமான கேள்வி. ஆனால் அந்த விழுக்காட்டுக் கணக்கு எதிலும் வாடகைக்காரர் ஓர் ஆளாகவே எண்ணப்படவில்லை.

புக்கிட் லிந்தாங், ஜாசின் சாலை

நகரத்தின் கிழக்கு விளிம்பில் புக்கிட் லிந்தாங். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி தூண்ட, 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா பாபா, அதாவது இங்கேயே வேரூன்றிய சீன வம்சத்தவர், நாற்பது ஏக்கர் சொச்சத்தில் இங்கே ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர்த் தோட்டம். அந்த நாற்பது ஏக்கரின் பின்னால் வந்த லட்சோப லட்சம் ஏக்கர்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை இழுத்தது. இப்போது சுற்றிலும் தாமான்கள், கார் நிறுத்தங்கள். புக்கிட் லிந்தாங் பெயரில் தமிழ்ப்பள்ளி ஒன்று மட்டும் தோட்ட நினைவைத் தாங்கி நிற்கிறது.

ஜாசின் சாலையில் போகப் போக ரப்பருக்குப் பதில் செம்பனை. மரங்களுக்கு நடுவே உள்ளே ஒரு தோட்டத்துக்கு ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவர் கூட்டிப்போனார். எட்டுக் கதவு கொண்ட லயம், அதாவது தொழிலாளர் வரிசைவீடு. பலகை உளுத்து, படிக்கட்டில் பாசி. கோயில் மட்டும் புதுப் பூச்சோடு இருந்தது. திருவிழாவுக்கு எல்லாத் திசையிலிருந்தும் பேருந்து பிடித்து வந்துவிடுகிறார்களாம்.

“இதான் பெரட்டுக் களம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு இங்க நிப்பாங்க. நான் செக்ரோல்ல பேரு கூப்பிடுவேன்” என்று வெறும் புல்லைக் காட்டினார். இந்த வீடுகளில் மூன்று தலைமுறை பிறந்தது. வேலை போன அன்றே வீடும் போனது, ஏனென்றால் வீடு கம்பெனியுடையது. பழுது பார்க்கக் கம்பெனிக்குக் காரணமில்லை. பாரம்பரியக் கட்டடம் என்று லயத்தை யாரும் பட்டியலிடப் போவதுமில்லை. மானியம் கேட்டு விண்ணப்பிக்கும் தகுதி உள்ள ஆளே இல்லாத வீடுகள் இவை.

இந்த நாட்டுத் தமிழர் இதை முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். 1960இல் இந்தியர்களின் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சுற்றித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில், மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமானது. அவர் கேட்டது கூரைக்கு உதவியல்ல, நிலத்தில் பெயர். எல்லாத் தோட்டங்களையும் அவரால் வாங்க முடியவில்லை. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

காலியான கட்டடங்களுக்கு அரசு பணம் தருவதை நான் குறை சொல்ல மாட்டேன். சுண்ணாம்பின் விலை தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். பணம் கொடுக்கும்போது நிபந்தனை போடும் உரிமையும் கொடுப்பவருக்கு உண்டு. முகப்பின் நிறம், சன்னலின் அளவு, ஓட்டின் வகை வரை நிபந்தனை போடத் தெரிந்தவர்கள், கடைசியாகக் குடியிருந்த வாடகைக்காரருக்கு இத்தனை ஆண்டு இதே வாடகையில் திரும்பிவர முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தஞ்சோங் கிளிங் அக்காவின் கூரைக்குப் பொதுப்பணம் வரட்டும், வந்தபின் அவருடைய வாடகை ஏறக்கூடாது என்பதுதான் அந்த வரியின் பொருள்.

இதைக் கிராணி ஐயாவிடம் சொன்னேன். தோட்டத்துக் கணக்கை ஆயுள் முழுக்க எழுதியவர். உடனே ஓட்டையைக் கண்டுபிடித்தார். “குடியிருந்தேன்னு எவன் வேணா சொல்லுவானேம்மா? சாட்சி?”

“கரண்டு பில் இருக்குமே ஐயா. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பதிவில் முகவரி இருக்குமே.”

கொஞ்சம் யோசித்தார். “தோட்டத்துக்கு அதெல்லாம் வேணாம். எங்க செக்ரோல்ல இருக்கு. எந்த லயம், எத்தனாவது கதவு, யார் யார், எத்தனை நாள் வேலை, எல்லாம் எழுதித்தானே சம்பளம் போட்டோம். கம்பெனிகிட்ட அந்தப் புஸ்தகத்தத் தூக்கிப் போடாம வைக்கச் சொல்லுங்க முதல்ல.”